இலண்டனின் நிலத்தடியைக் கட்டியவர்: ஜோசப் பசால்ஜெட்டும் நமது மலக்குழிகளும்

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் மூச்சடைத்து இறந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம், அதனை ஒட்டி ஒரு வாதமும் தவறாமல் வந்து சேர்கிறது. குழாய் என்றால் அடைக்கத்தான் செய்யும், அடைத்தால் யாரேனும் இறங்கத்தான் வேண்டும் என்பதே அவ்வாதம். சாதியின் பெயரைச் சொல்ல விரும்பாதவர்கள் பொறியியலின் பெயரைச் சொல்லி அதனை முன்வைக்கிறார்கள். அப்படியாயின் அப்பொறியியலை அதன் தொடக்கத்திலிருந்தே பார்த்துவிடுவது நல்லது. நவீனப் பாதாளச் சாக்கடை என்று இன்று நாம் அறியும் அமைப்பைப் பெருநகர அளவில் கட்டி முடித்த முன்னோடிகளுள் ஒருவரான ஜோசப் பசால்ஜெட்டின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பசால்ஜெட் 1819ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று இலண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்டில் பிறந்தார். பாட்டனார் பிரான்சிலிருந்து குடியேறியவர். அரச குடும்பத்துக்கு ஆடை தைத்துச் செல்வம் சேர்த்தவர். தந்தை கடற்படை அதிகாரி. குடும்பத்துக்குப் பண வசதியும் அறிமுகங்களும் இருந்தன. இளம் பசால்ஜெட் ஜான் மெக்நீல் என்ற பொறியாளரிடம் தொழில் பழகினார். வட அயர்லாந்தில் சதுப்பு நிலங்களை வடித்து மீட்கும் பணியில் ஈடுபட்டார். நீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு சரிவு கொடுத்தால் தானாக ஓடுகிறது என்ற பாடத்தை அங்கேதான் கற்றார். 1842இல் இலண்டனில் சொந்த அலுவலகம் தொடங்கினார். அது இரயில்பாதை வெறி பிடித்த காலம். இரவு பகல் பாராமல் வரைபடம் போட்டுப் போட்டு, 1847இல் உடலும் மனமும் சோர்ந்து விழுந்தார். ஓய்வுக்குப் பின் 1849இல் அவர் சேர்ந்த வேலை, இலண்டன் பெருநகரச் சாக்கடை ஆணையத்தில் உதவி நில அளவையாளர் பணி.

அவர் வந்து சேர்ந்த நகரம் எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலண்டனின் வீடுகளுக்கு அடியில் சுமார் 2 இலட்சம் மலக்குழிகள் இருந்தன. அவை நிரம்பியபோது அள்ளுவதற்கென்று இரவுப் பணியாளர்கள் இருந்தார்கள். பகலில் அள்ளக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் வந்து விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். நால்வர் சேர்ந்தது ஒரு குழு. ஒருவர் குழிக்குள் இறங்குவார், ஒருவர் கயிற்றைப் பிடிப்பார், இருவர் தொட்டியைத் தோளில் சுமந்து வண்டியில் கொட்டுவார்கள். இந்த வேலைப் பிரிவினையைப் படிக்கும் நம் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அள்ளிய மலம் நகருக்கு வெளியே உழவர்களுக்கு உரமாக விற்கப்பட்டது. நகரம் பெருகப் பெருக வயல்கள் தொலைவில் போயின. சுமை கூலி ஏறியது. 1840களின் பிற்பகுதியில் தென்னமெரிக்காவிலிருந்து பறவை எச்ச உரம் மலிவாக வந்து இறங்கியதும் மலத்துக்கு விலையில்லாமல் போயிற்று. ஏழைக் குடியிருப்புகளில் குழியைக் காலி செய்யக் கூலி கொடுக்க வழியின்றி, அது தரைத்தளத்து அறைகளுக்குள் கசிந்து பரவியது.

வசதி படைத்தோர் வீடுகளில் நீர்விட்டு அலசும் கழிப்பறைகள் வந்துகொண்டிருந்தன. தெருச் சாக்கடைகள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை. வீட்டுக் கழிவை அவற்றில் விடுவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1815இல் அத்தடை தளர்ந்தது. 1848க்குப் பின் எட்வின் சாட்விக் முதலிய சீர்திருத்தக்காரர்களின் முனைப்பால், மலக்குழிகளை மூடி வீட்டு வடிகால்களைத் தெருச் சாக்கடையோடு இணைப்பது கட்டாயமாக்கப்பட்டது. மலக்குழி ஒழிந்தால் நோய் ஒழியும் என்பது அவர்கள் நம்பிக்கை. மலம் வீட்டைவிட்டுப் போனது உண்மைதான். அது போன இடம் தேம்ஸ் நதி. அந்த நதியிலிருந்துதான் நகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் எடுத்தார்கள். 1848-49இல் பரவிய காலராவில் இலண்டனில் மட்டும் 14,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1853-54இல் மீண்டும் 10,000க்கு மேற்பட்டோர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்.

ஆணையம் பொதுமக்களிடம் திட்டங்களைக் கேட்டிருந்தது. 137 திட்டங்கள் வந்து குவிந்தன. அவற்றைப் படித்துப் பிரித்து ஒப்பிடும் வேலை பசால்ஜெட்டின் மேசைக்கு வந்தது. பெருமை தராத, சலிப்பூட்டும் வேலை அது. ஆனால் இலண்டனின் ஒவ்வொரு சரிவையும் அடைப்பையும் அறிந்த மனிதராக அவரை ஆக்கியது அதுவே என்று நாம் கருதுகிறோம். அதே 1849இல் பிம்லிக்கோ பகுதிச் சாக்கடை ஒன்றுக்குள் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுக்காற்றில் மடிந்தார்கள். அவர்களைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவர்களும் மடிந்தார்கள். ஒருவரை மீட்க மற்றொருவர் இறங்கி, வரிசையாக உயிரிழக்கும் அந்தக் காட்சி இலண்டனிலும் நிகழ்ந்ததுதான். ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் பிராங்க் ஃபார்ஸ்டர் பணிச்சுமை தாங்காமல் 1852இல் இறந்தார். அவ்விடத்துக்குப் பசால்ஜெட் வந்தார். 1856இல் பெருநகரப் பணிகள் வாரியம் அமைந்தபோது அதன் தலைமைப் பொறியாளரானார்.

அவருடைய திட்டம் கேட்பதற்கு எளியது. இலண்டனின் பழைய சாக்கடைகள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நதியை நோக்கி ஓடின. நதிக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்காக, புதிய பெருஞ்சாக்கடைகளை வெட்டி, பழையவற்றை வழியிலேயே மறித்துப் பிடித்துவிடுவது; பிடித்த கழிவைக் குடியிருப்புகளுக்கு வெகு கிழக்கே கொண்டுபோய், கடல் வற்றும் நேரத்தில் நதியில் திறந்துவிடுவது. நதிக்கு வடக்கே உயர்மட்டம், நடுமட்டம், தாழ்மட்டம் என மூன்று தடங்கள். தெற்கேயும் அவ்வாறே தனித் தடங்கள். முடிந்தமட்டும் புவியீர்ப்பே இழுத்துச் செல்லும். தாழ்ந்த இடங்களில் மட்டும் நீராவி எந்திரங்கள் கழிவை மேலே ஏற்றிவிடும்.

திட்டம் தயாராக இருந்தும் ஈராண்டுகள் அசையவில்லை. கழிவு வெளியேறும் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அமைச்சர் பெஞ்சமின் ஹால் மீண்டும் மீண்டும் தடை எழுப்பினார். செலவை யார் ஏற்பது என்ற தகராறும் இருந்தது. 1858 சூனில் கடும் வெயில் அடித்தது. வற்றிய நதியின் இருகரையிலும் கழிவு நொதித்தது. நதியோரம் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தில் உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. டிஸ்ரேலி சட்ட முன்வடிவைக் கொண்டுவந்தார். 18 நாட்களில் அது நிறைவேறிச் சட்டமாயிற்று. 30 இலட்சம் பவுன் கடன் வாங்க வாரியத்துக்கு அதிகாரம் கிடைத்தது. ஹால் எழுப்பியது போன்ற தடைகளும் விலகின. இரண்டு கொள்ளைநோய்களில் 24,000 பேருக்கு மேல் செத்தபோது திறக்காத கருவூலம், உறுப்பினர்களின் மூக்கை நாற்றம் எட்டியதும் திறந்தது. ஆளும் வர்க்கத்தின் இந்த இயல்பை இலண்டனுக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணவில்லை.

அதன்பின் பணி பெருவேகத்தில் நடந்தது. 1859 முதல் இலண்டனின் தெருக்கள் வெட்டித் திறக்கப்பட்டன. 132 கிலோமீட்டர் நீளத்துக்கு மறிப்புச் சாக்கடைகள். அவற்றோடு இணையும் தெருச் சாக்கடைகள் இதனினும் பன்மடங்கு. 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள் அடுக்கப்பட்டன. கொத்தனார்களுக்கு அவ்வளவு தேவை ஏற்பட்டதால் அவர்களுடைய நாட்கூலி 5 ஷில்லிங்கிலிருந்து 6 ஷில்லிங்காக உயர்ந்தது. ஆழக் குழிகளில் மண்வெட்டியோடு நின்றவர்களுள் மண்சரிவிலும் விபத்திலும் மாண்டவர்கள் உண்டு. அவர்கள் பெயர்களைத் தாங்கிய சின்னம் எதுவும் நாம் அறிந்தவரை இல்லை. செலவு இறுதியில் 40 இலட்சம் பவுனைத் தாண்டியது.

இனி, நமக்கு மிகவும் வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பசால்ஜெட் சாக்கடையின் குறுக்குவெட்டைப் பல இடங்களில் முட்டை வடிவில் அமைத்தார். முட்டையின் குறுகிய முனை கீழே இருக்கும். தட்டையான அடியுடைய சாக்கடையில் நீர் குறையும்போது ஓட்டம் மெலிந்து வண்டல் படியும். படிந்ததை வாரக் கீழே ஆள் வேண்டும். முட்டை வடிவில், நீர் எவ்வளவு குறைந்தாலும் குறுகிய அடிப்பகுதியில் ஒடுங்கி வேகம் கெடாமல் ஓடும். வண்டலைத் தானே அரித்துக்கொண்டு போகும். பெருஞ்சாக்கடைகளுக்கு மைலுக்கு 2 அடி என்ற அளவில் சரிவு கொடுத்தார். மழைநீர் கூடுதலாக வந்தால் வெளியேற வழிவைத்தார். கட்டுமானத்துக்கு அக்காலத்தில் இன்னும் முழு நம்பிக்கை பெறாத போர்ட்லாந்து சிமெண்டைத் தேர்ந்தார். நீருக்குள் அது மேலும் இறுகும் என்று கண்டதனால். கலவை பிசகினால் அது கெட்டுவிடும் என்பதனால், வந்து இறங்கும் சிமெண்டு அனைத்தையும் சோதித்தே ஏற்பது என்ற விதியை அவரும் அவருடைய உதவியாளர் ஜான் கிராண்டும் கடைப்பிடித்தார்கள்.

குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டபின் அதன் விட்டத்தை அவர் இருமடங்காக்கினார் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான், ஆனால் அவர் 35 இலட்சம் அளவிலான மக்கள்தொகைக்கே திட்டமிட்டார், நகரமோ அவர் காலத்திலேயே அதனைக் கடந்துவிட்டது. எனவே அவரை முக்காலமும் உணர்ந்த ஞானியாக்க வேண்டியதில்லை. அன்று இருந்த மக்கள்தொகையைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கணக்கிட்டார், மழைக்கும் இடம் விட்டார், சரிவிலும் வடிவிலும் கஞ்சத்தனம் செய்யவில்லை. இவ்வளவுதான். சாக்கடை தன்னைத் தானே துலக்கிக்கொள்ள வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவைத்தார் என்பதே இதன் பொருள்.

அவ்வாறெனில் இலண்டன் சாக்கடைக்குள் எவருமே இறங்கவில்லையா? இறங்கினார்கள். அலசுபவர் என்ற பெயரில் ஒரு தொழிலாளர் பிரிவே இருந்தது. மடைப்பலகை இட்டு நீரைத் தேக்கி, திடீரெனத் திறந்துவிட்டு, அந்த வேகத்தில் கசடைத் தள்ளுவது அவர்கள் பணி. தொடைவரை உயர்ந்த தோல் காலணி, பாதுகாப்பு விளக்கு, மேலே காவலுக்கு ஒருவர் என்பது அவர்கள் முறை. ஆபத்தும் இழிவும் நிறைந்த வேலைதான். வறுமையே அவர்களை அங்கே தள்ளியது. எனினும் அவ்வேலை எந்தக் குடியின் பிறப்புரிமையாகவும் விதிக்கப்படவில்லை. அலசுபவரின் மகன் கொத்தனாரானால் அதைத் தீட்டென்று தடுக்கச் சாத்திரம் இல்லை. வர்க்கத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூலி கொடுத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டும் என்ற நிலை இருந்த இடத்தில், ஆளைக் குறைக்கும் வடிவமைப்புக்குப் பண மதிப்பும் இருந்தது. கூலியே இல்லாமலும் அற்பக் கூலிக்கும் ஒரு சாதி முழுவதும் காத்துக்கிடக்கும் நாட்டில் அந்த வடிவமைப்பை எவர் தேடுவார்?

1865 ஏப்ரல் 4 அன்று தென்கரையின் கிராஸ்நெஸ் நீரேற்று நிலையத்தை இளவரசர் திறந்துவைத்தார். நான்கு மாபெரும் நீராவி எந்திரங்களுக்கு அரச குடும்பத்தினர் பெயர்களைச் சூட்டினார்கள். ஆனால் வடகரையில் கிழக்கு இலண்டனுக்கான தாழ்மட்டச் சாக்கடை அப்போது முடியவில்லை. அதற்குரிய ஏபி மில்ஸ் நீரேற்று நிலையம் 1868இல்தான் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட 1866இல் காலரா மீண்டும் வந்தது. இணைப்புப் பெற்றிருந்த பகுதிகள் பெரிதும் தப்பின. கப்பல்துறைத் தொழிலாளர்களும் ஏழைகளும் நெருக்கி வாழ்ந்த கிழக்கு இலண்டனில் 5,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே குடிநீர் வழங்கிய நிறுவனத்தின் நீர்த்தேக்கம் கழிவுநீரால் மாசுபட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. பேரரசின் தலைநகரிலும் கடைசி இணைப்பு யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருந்தது போலும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் 1854இலேயே சோகோ பகுதியின் குழாய்த் தண்ணீரைச் சுட்டிக்காட்டி, காலரா நீர்வழியே பரவுகிறது என்று சொல்லியிருந்தார். அதை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. கெட்ட காற்றே நோய் தருகிறது என்பது சாட்விக்கின் நம்பிக்கை, பசால்ஜெட்டும் அக்கருத்தினரே. நாற்றத்தை அகற்றுவதற்காகக் கட்டிய சாக்கடை, குடிநீரிலிருந்து மலத்தைப் பிரித்தது. காரணம் தவறு, விளைவு சரி. ஆயிரமாயிரம் உயிர்கள் தப்பின.

தேம்ஸ் கரையைச் சதுப்பிலிருந்து மீட்டு அவர் கட்டிய விக்டோரியா கரையணை 1870இல் திறக்கப்பட்டது. அதன் வயிற்றுக்குள் தாழ்மட்டச் சாக்கடையும் பாதாள இரயிலும் ஓடுகின்றன. மேலே சாலையும் பூங்காவும். ஆல்பர்ட், செல்சி கரையணைகளும் அவருடையவையே. பாலங்களையும் தெருக்களையும் பற்றிச் சொல்லப் புகுந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். 1870களின் நடுவில் சர் பட்டம் கிடைத்தது.

அவர் திட்டத்தின் பெருங்குறை 1878 செப்டம்பர் 3 அன்று உலகுக்குத் தெரிந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற படகு, கழிவு திறந்துவிடப்படும் வாய்க்கு அருகே மற்றொரு கப்பலால் மோதப்பட்டு மூழ்கியது. சற்று முன்னர்தான் பெருமளவு கழிவு நதியில் விடப்பட்டிருந்தது. 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்நீரில் திணறினார்கள். மலத்தைப் பார்வையிலிருந்து அகற்றி ஏழைகள் வாழும் கீழ்க்கரைக்குத் தள்ளியதைத் தவிர, அதைச் சுத்திகரிக்க எந்த ஏற்பாடும் அதுவரை இல்லை. விசாரணை ஆணையத்தின் அழுத்தத்துக்குப் பின்னரே கசடைப் பிரித்தெடுக்கும் முறை 1880களில் வந்தது. பிரித்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

வாரியத்தின் பிற்காலம் ஊழல் புகார்களால் கறைபட்டது. பசால்ஜெட்டின் மீது கறை படியவில்லை. வாரியம் கலைக்கப்பட்ட 1889இல் ஓய்வு பெற்றார். பதினொரு பிள்ளைகளின் தந்தையான அவர், 1891 மார்ச் 15 அன்று விம்பிள்டனில் காலமானார்.

அவர் உயிரோடிருந்த காலத்திலேயே இந்தக் குழாய்க்கலை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் வில்லியம் கிளார்க்கின் பாதாளச் சாக்கடைப் பணி 1859இலேயே தொடங்கியது. சென்னைக்காக ஹெக்டர் டுல்லோக் 1865இல் வடிகால் திட்டம் வகுத்தார். திட்டம் தாளில் உறங்கியது. உலர்கழிப்பறைகளும், அவற்றைக் கையால் அள்ள நகராட்சியே சாதி பார்த்து நியமித்த பணியாளர்களுமாக நகரம் காலம் கடத்தியது. ஆங்கில அரசு இங்கே சாதியை உருவாக்கவில்லை. ஆனால் அதனைப் பணிப்பதிவேட்டில் ஏற்றிச் சம்பளப் பட்டியலாக்கியது. சென்னையின் பாதாளச் சாக்கடை 1910இல் வடிவமைக்கப்பட்டது, 1961இல் 6.6 இலட்சம் மக்கள் இருப்பார்கள் என்பது அதன் கணக்கு. 1961 வந்தபோது மக்கள்தொகை 17 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கொள்ளளவு மீறிய குழாய் அடைத்துக்கொள்ளும் என்பது தொடக்கப்பள்ளிக் கணக்கு. அந்த அடைப்பை நீக்க மூங்கில் பிளாச்சும் வாளியும் கொடுத்து, பெரும்பாலும் அருந்ததியர்களையும் பிற பட்டியல் சாதியினரையும் இறக்கினார்கள். குழாயின் விட்டம் போதாதபோது மனித உடலைக் கொண்டு ஈடுகட்டினார்கள்.

இன்றைக்கும் புதிய குடியிருப்பின் வீட்டு வடிகால் வரைபடங்களைப் பாருங்கள். சமையலறைக் கழிவின் எண்ணெயைத் தடுக்கும் பொறியமைவு இருக்காது. செங்குத்தான திருப்பங்களில் திறந்து பார்க்கும் அறை இருக்காது. கழிவுநீர்த் தொட்டியின் மூடி, உறிஞ்சு ஊர்தி நெருங்க முடியாத சந்துக்குள், சில வேளைகளில் வாகன நிறுத்தத்தின் தளத்துக்கு அடியில் இருக்கும். வரைந்தவர் மனத்தில் இறங்கப்போகும் ஒருவர் இருக்கிறார். அவர் சாதி என்ன என்பதும் அவருக்குத் தெரியும். தொட்டிக்குள் சேரும் ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்குவது. செறிவு கூடினால் மோப்ப உணர்வையே முடக்கிவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சுகளில் சாய்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர்கழிப்பறையைத் தடுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை ஏறிய வேகத்தில் கைதான ஒப்பந்தக்காரர்களின் எண்ணிக்கை ஏறவில்லை. தண்டனை பெற்ற பொறியாளர்களைத் தேடத்தான் வேண்டும்.

இலண்டனில் 2017ஆம் ஆண்டு வைட்சேப்பல் பகுதியில், பசால்ஜெட் காலத்துச் சாக்கடை ஒன்றில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையுமுள்ள கொழுப்புக்கட்டி அடைத்துக்கொண்டது. ஊரார் கொட்டிய எண்ணெயும் ஈரத்துடைப்பான்களும் இறுகி உருவானது. வாரக்கணக்கில் தொழிலாளர்கள் கீழே நின்று உயரழுத்த நீர்ப்பீச்சிகளாலும் மண்வெட்டிகளாலும் அதனைத் தகர்த்து, குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். முழு உடைக் கவசம், வாயு அளவி, மேலே மீட்புக்குழு ஆகியவை உடனிருந்தன. எடுத்த கொழுப்பின் ஒரு பகுதி எரிபொருளாக்கப்பட்டது; ஒரு துண்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. இறங்கியவர்கள் அனைவரும் உயிரோடு ஏறி வந்தார்கள்.